கழித்து அறிந்த கோணம்

பரல் என்னும் அந்தச் சிறு நிலவில் அளவை மேடுகள் ஐந்து, அளவையர்களும் ஐவர். ஆயினும் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் நால்வர்தான் அளந்தார்கள். ஐந்தாமவருக்கு அன்று ஓய்வு. அவருடைய கோணத்தைக் கழித்தல் கணக்கு கண்டு சொல்லிவிடும்.

இரண்டாம் மேட்டு ஆறுமுகநயினாருக்கு இந்த ஏற்பாட்டில் தனிப் பெருமை உண்டு. காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு மேட்டிலும் அளவையர் தியோடலைட் என்னும் கோணமானியைத் திருப்பி, இருபுறமும் உள்ள பக்கத்து மேட்டு விளக்குகள் இரண்டையும் பார்த்து, அவற்றுக்கு இடைப்பட்ட கோணத்தைப் பொது அலைவரிசையில் சொல்வார். நயினார் அவற்றைக் கூட்டுவான். ஐந்து கோணங்களுக்கும் உரிய மாறாத மொத்தத்திலிருந்து அந்தக் கூட்டலைக் கழித்து, ஓய்விலிருப்பவரின் கோணத்தைக் கண்டுபிடிப்பான். பிறகு வடிவத்தை ‘மூடி’ப் பதிவேட்டில் எழுதுவான். மூடாத வடிவம் பொத்தான் போடாத சட்டைக்குச் சமம் என்பது அவன் எண்ணம். ஒன்பது ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவன் பதிவேட்டில் வடிவம் திறந்து கிடந்ததில்லை.

இத்தனையும் எதற்காக என்றால், ஐங்கோணத்தின் நடுவே இருநூற்று நாற்பது பேர் வாழும் நடுக்கூடமும், அதனுள் பனிப்பாறையைத் துளைத்துக்கொண்டு அடிக்கடலை நோக்கி இறங்கும் துளைப்பொறியும் இருந்தன. பொறி நேராக இறங்குகிறதா என்று பார்க்க, சுற்றியுள்ள ஐந்து மேடுகளின் இடமும் நாள்தோறும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் மேட்டில் இருந்தவள் உலகம்மை, நயினாரின் மனைவி. நான்காம் மேட்டுக்கு ஆறு மாதங்களுக்கு முன் புதிதாக வந்து சேர்ந்தவன் தாணுமாலயன். நாகர்கோவில் பக்கத்துப் பையன், முப்பதைத் தாண்டாதவன். வாய் சும்மா இருக்காது. வந்த முதல் வாரமே பொது அலைவரிசையில் ஒரு கேள்வியைப் போட்டான்.

“அண்ணாச்சி, ஒரு சந்தேகம். நாலு கோணம் தெரிஞ்சா அஞ்சாவது தானா வந்துரும்னா, அஞ்சாவது ஆளு எதுக்கு?”

“ஒன்னய எதுக்கு அனுப்பிருக்காவன்னு தாம்டே நாங்களும் யோசிக்கோம்” என்றார் முதல் மேட்டுப் பாப்பையா. ஐந்தாம் மேட்டு சுபைதா பக்கென்று சிரித்துவிட்டாள்.

நயினார் பொறுமையாக விளக்கினான். “ஐங்கோணத்த ஒரு மூலைலருந்து வெட்டுனா எத்தன முக்கோணம் வரும்?”

“மூணு.”

“ஒரு முக்கோணத்துக்கு நூத்தியெம்பது. மூணுக்கு?”

“ஐந்நூத்தி நாப்பது பாகை. அது பள்ளிக்கூடத்துலயே படிச்சாச்சுல்லா.”

“பள்ளிக்கூடத்துக் கரும்பலக தட்டை. இது அறுபது கிலோமீட்டர் அகலத்துல ஒரு உருண்ட. நிலம் வளைஞ்சு கெடக்கு. அந்த வளைவு கோணத்துல ஏறிரும். நம்ம அஞ்சு மேட்டுக்கு நடுவுல உள்ள நிலத்துக்கு மூணு பாகை கூடுதல். ஆக ஐந்நூத்தி நாப்பத்தி மூணு. மொத அணி அளந்து வச்சது. இன்னைக்கு வர மாறல.”

“மாறலைன்னு எப்படி அண்ணாச்சி தெரியும்? தெனமும் ஒரு ஆளு அளக்காமலேல்லா இருக்கோம்?”

உலகம்மை சிரித்தாள். “நல்லாக் கேட்டான் பாருங்க” என்றாள். அவள் பொது அலைவரிசையில் அப்படி வாய்விட்டுச் சிரித்து நயினார் கேட்டதே இல்லை. கேள்வி அவன் மனத்தில் நிற்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

அதுவரை உறுத்தாத ஒன்று அன்றிலிருந்து அவனை உறுத்தத் தொடங்கியது. உலகம்மைக்கு ஒருபுறத்துப் பக்கத்து மேடு அவனுடையது; மறுபுறத்துப் பக்கத்து மேடு தாணுவினுடையது. ஆகவே தினமும் காலை ஆறு மணிக்கு அவள் முதலில் கணவனின் விளக்கைப் பார்க்கிறாள். பிறகு கருவியைத் திருப்பித் தாணுவின் விளக்கைப் பார்க்கிறாள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வளவு திரும்பினாள் என்பதைத்தான் அவள் வேலையென்று ஊரறியச் சொல்கிறாள்.

கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு வராது. அவனுக்கு ஓய்வென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு அவள் மேட்டுக்குப் போவான். அவளுக்கு ஓய்வென்றால் அவள் இங்கே வருவாள். ஐந்து நாளைக்கு இரண்டு சந்திப்பு. அப்படியொரு சந்திப்பில், தேங்காய்ப்பால் பொடியைக் கரைத்துக் காய்ச்சிய சொதியை அவன் முன்னால் வைத்துவிட்டு, அவள் ஒரு தாளை நீட்டினாள். நயினார் ஓய்விலிருக்கும் நாளில் வடிவத்தை மூடுவது அவள் பொறுப்பு.

“ஒங்க கோணம் இன்னைக்கு ஒம்பது கலை கொறைவா வருதே?”

பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை. ஒன்பது கலை என்பது அவர்கள் தொழிலில் சிறிய பிசகு அல்ல.

“கூட்டல்ல எங்கயாச்சும் விட்டுருப்ப.”

“மூணு தடவ கூட்டிட்டேன்.”

“அப்ப தாணு தப்பா அளந்துருப்பான். புதுசுல்லா.”

“தாணு தப்பா அளக்க மாட்டான்” என்றாள் அவள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொதி நன்றாகத்தான் இருந்தது. நயினார் பாதியிலேயே எழுந்துவிட்டான்.

அதன் பிறகு வந்த அவளுடைய ஓய்வு நாளில் அவள் வரவில்லை.

“என்ன, இன்னைக்கு வரலியா?” என்று அலைவரிசையில் கேட்டான். எல்லோரும் கேட்கிறார்கள் என்பதால் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டான்.

“கொஞ்சம் வேல கெடக்குங்க.”

“உலகம்மை மைனிக்கு ஓய்வு நாள்லயும் வேலதான் அண்ணாச்சி. நான் சாட்சி” என்றான் தாணு.

“சாட்சி சொல்லுத அளவுக்கு என்னத்தடே பாத்த?” என்று பாப்பையா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நயினாரும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் அதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டி வரும்.

சற்று நேரத்தில் அவள் குரல் மறுபடி வந்தது. “மூணாம் மேடு. ஓய்வு நாள் அளவு. நானே அளந்தது. பதிவுல சேத்துக்கிடுங்க.” பாகையும் கலையும் சொன்னாள். மற்ற நால்வரின் கோணங்களை வைத்து அவன் கழித்துக் கண்ட விடையைவிட அது பதினோரு கலை அதிகமாக இருந்தது.

ஐந்து நாள் கழித்து மறுபடியும் அவளுக்கு ஓய்வு. மறுபடியும் அவள் வரவில்லை. இம்முறை வேறுபாடு பதினேழு கலை. அதற்கடுத்த ஓய்வில் இருபத்து நான்கு.

உண்மையில் அந்த நாட்களில் ஓய்வெடுத்த எல்லோருடைய கோணமும், கழித்துப் பார்க்கையில், அவரவர் வழக்கமாக அளந்து சொல்வதைவிடக் குறைந்துதான் வந்தது. பாப்பையாவுக்குக் குறைந்தது; அவருக்குக் கண் மங்குகிறது என்று நயினார் எண்ணிக்கொண்டான். சுபைதாவுக்குக் குறைந்தது, அவள் அவசரக்காரி. தாணுவுக்குக் குறைந்தபோது அவனுக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சிகூட உண்டாயிற்று. பதிவேட்டில் வரிசையாக எழுதியிருந்த அந்த எண்களைச் சேர்த்து வைத்து அவன் பார்க்கவில்லை. ஒருத்தியையே உற்றுப் பார்ப்பவனுக்கு வரிசை தெரிவதில்லை.

மாறாக, அவன் ஒரு நிரூபணம் செய்தான். கோணம் கூடுகிறதென்றால் அளப்பவள் வடிவத்துக்கு உட்புறமாக நகர்ந்திருக்கிறாள். இருபத்து நான்கு கலை கூட, எவ்வளவு தூரம் நகர வேண்டும்? பக்கத்தின் நீளம் தெரியும், கணக்கு எளிது. விடை இருபத்து மூன்று மீட்டர் என்று வந்தது. மேட்டின் வரைபடத்தை எடுத்து விரித்தான். மூன்றாம் மேட்டுக் கம்பத்திலிருந்து உட்புறமாக ஏறத்தாழ அதே தொலைவில், முதல் அணி கட்டிவிட்டுப் போன பழைய கொட்டகை ஒன்று இருந்தது. அழுத்தக் கதவு உண்டு. காற்றுப்பெட்டி உண்டு. இரண்டு பேர் உட்காரத் தாராளமான இடம்.

விளக்கைக் கம்பத்திலேயே எரியவிட்டு, கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போகிறாள். அங்கே அவள் தனியாக இல்லை. பேச்சின் நடுவில் சன்னல் வழியாக ஏதோ ஒரு கோணத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறாள். நயினார் பென்சிலைக் கீழே வைத்தான். தன் வாழ்க்கையில் இத்தனை துல்லியமாக அவன் எதையும் கண்டுபிடித்ததில்லை. நெஞ்சு எரிந்தாலும், விடை சரியாக வந்த மாணவனின் அற்பத் திருப்தியும் கூடவே இருந்தது. அதுதான் பின்னாளில் அவனை அதிகம் வெட்கப்பட வைத்தது.

அவள் அனுப்பிய மூன்று அளவுகளையும் பதிவேட்டில் ஏற்றாமல், கழித்துக் கண்டவற்றையே எழுதி வடிவத்தை மூடினான். பிறகு நடுக்கூடத்தில் இருந்த நிலையத் தலைவி ரெஜினாவை அழைத்து, உலகம்மை கம்பத்திலிருந்து அளப்பதில்லை என்று புகார் சொன்னான்.

ரெஜினா தூத்துக்குடிக்காரி, சுற்றி வளைக்கத் தெரியாதவள். “நயினார், இது கணக்கா, கோவமா?”

“கணக்கு, மேடம்.”

“பொண்டாட்டி விஷயம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இருபத்து மூணு மீட்டர், மேடம். வேணும்னா தாள அனுப்புதேன்.”

அன்று மாலை ரெஜினா உலகம்மையிடம் பேசியதைப் பொது அலைவரிசையிலேயே எல்லோரும் கேட்டார்கள்.

“மேடம், நான் கம்பத்தடிலதான் நிக்கேன். அஞ்சு பேரும் ஒரே நாள்ல அளந்தா மொத்தம் கூடுது. நாளுக்கு நாள் கூடுது. நடுவுல நெலம் உப்புதுன்னு நெனைக்கேன்.”

“பதிவேடு என் முன்னாலதான் இருக்கும்மா. ஐந்நூத்தி நாப்பத்தி மூணு, ஐந்நூத்தி நாப்பத்தி மூணு, ஐந்நூத்தி நாப்பத்தி மூணு. ஒரு நாள்கூடக் கூடலியே?”

தன் அளவுகள் என்ன ஆயின என்று அப்போதுதான் அவள் புரிந்துகொண்டிருக்க வேண்டும். கணவனைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் ஐந்து மேடும் கேட்கும். அவள் சாட்டவில்லை.

“மேடம், மைனி சொல்லுதது சரிதான். அவிய ஓய்வு நாள்லயும் அளக்கத நான் இங்கருந்தே...” என்று தாணு தொடங்கினான்.

“நீ சும்மா இரு, தாணு” என்று ரெஜினா வெட்டினாள். “உலகம்மா, நாளைலருந்து நடுக்கூடத்துக் கிட்டங்கிக்குச் சாமான் கணக்கு பாக்க வந்துரு. மாத்தாளு வர வரைக்கும் உன் கோணத்தக் கழிச்சே எழுதிக்கலாம். மத்த நாலு பேருக்கும் அதுவரைக்கும் ஓய்வு கெடையாது.”

“சரி மேடம்” என்றாள் உலகம்மை.

அதற்குப் பின் வந்த எட்டு நாட்களும் வடிவம் அழகாக மூடியது. மூடாமல் என்ன செய்யும்? நான்கு பேர் அளக்க, ஐந்தாவதை அவனே உண்டாக்கிக்கொண்டிருந்தான். தாணு பேச்சைக் குறைத்துக்கொண்டான். அவனுடைய விளக்குக்கும் தன் விளக்குக்கும் நடுவே இனி யாரும் நிற்கவில்லை என்பது நயினாருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பொறாமைக்குச் சாட்சி போதாது, தடயமும் வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் நாள், காலை அளவை முடிந்ததும், மூன்றாம் மேட்டு விளக்கின் மின்கலத்தை மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

பரலில் காற்று கிடையாது. நிலத்தின் வெடிப்புகளிலிருந்து பீறிடும் உப்புப்பனி மட்டும் ஆண்டுக்கு ஒரு விரற்கடை அளவு தூளாகப் படியும். பழைய தடங்கள் அதனடியில் புதைந்துவிடும். புதிய தடமோ, வைத்த காலடி வைத்தபடி இருக்கும். கம்பத்திலிருந்து கொட்டகைக்குப் போன அவளுடைய தடத்தையும், நான்காம் மேட்டுப் பக்கமிருந்து வந்து அதனோடு சேரும் இன்னொரு தடத்தையும் பார்க்கத்தான் அவன் போனான். மனத்துக்குள் இரண்டையும் ஏற்கெனவே பலமுறை பார்த்திருந்தான்.

கம்பத்தைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது. கருவியோடு சேர்ந்து திரும்பித் திரும்பி அவள் காலணிகள் மிதித்து இறுக்கிய வட்டம். அவள் அறையிலிருந்து அந்த வட்டத்துக்கு ஒரு பாதை. அங்கிருந்து மேட்டின் விளிம்புக்கு இன்னொரு பாதை. விளிம்பில், இரண்டாம் மேட்டைப் பார்த்தபடி, நெடுநேரம் நின்றதனால் ஆழப் பதிந்த ஒரு ஜோடிக் காலடி. ஒரு முறை நின்றதா, பல முறை நின்றதா என்று தடம் சொல்லவில்லை.

கொட்டகைப் பக்கம் எதுவுமே இல்லை. இருபத்து மூன்று மீட்டரும் ஒரே வெண்மை. கதவடியில் குவிந்திருந்த உப்புப்பனி பல ஆண்டுகளாகக் கலையவில்லை. அதன் மேல் தன் காலடிதான் முதல் தடமாக விழப்போகிறது என்று உணர்ந்ததும் நயினார் நின்றுவிட்டான்.

திரும்பி வந்து, அவள் மிதித்த வட்டத்துக்குள் நின்று, கருவியில் கண்ணை வைத்தான். முதலில் தன் மேட்டு விளக்கைப் பார்த்தான். அங்கிருந்து பார்க்க அது இவ்வளவு சிறியதாக இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. பிறகு கருவியைத் தாணுவின் விளக்குக்குத் திருப்பினான். எண்ணைக் குறித்துக்கொண்டான். அன்று காலை அவனே கழித்துக் கண்ட கோணம் பையில் இருந்தது. வேறுபாடு முப்பத்தெட்டு கலை.

மறுபடி அளந்தான். முப்பத்தெட்டு. மூன்றாம் முறையும் முப்பத்தெட்டு. இப்போது கம்பத்தடியில் நிற்பவன் அவன், கொட்டகை காலி, தாணு தன் மேட்டில் இருக்கிறான். அளந்தது அவனுடைய சொந்தக் கண்.

அவள் நகரவில்லை. நிலம்தான் வளைந்திருக்கிறது. ஐந்து மேடுகளின் நடுவே, துளைப்பொறியின் அடியில், அடிக்கடல் பனிப்பாறையை மேல்நோக்கி உப்பவைக்கிறது. அந்த உப்பல் முழுவதையும், ஓய்வெடுத்தவர் ஒவ்வொருவரின் கோணத்திலும், அவன் நாள் தவறாமல் கழித்துக் கழித்துப் புதைத்திருக்கிறான். உப்பலின் உச்சியில் இருந்தது நடுக்கூடம். உலகம்மையை அங்கே அனுப்பியதும் அவன்தான்.

அலைவரிசைப் பொத்தானின் மேல் விரல் இருந்தது. அழுத்தினால் ஐந்து மேடும் கேட்கும், நடுக்கூடமும் கேட்கும். தனியாக ரெஜினாவிடம் மட்டும் சொல்லலாமா என்று அப்போதும் ஒரு கணம் யோசித்தான். அந்த ஒரு கணத்தையும் அவன் பின்பு மறக்கவில்லை.

“மேடம், நயினார். மூணாம் மேட்டுலருந்து பேசுதேன். எல்லாரையும் வெளியேத்துங்க. நடுக்கூடத்துக்கு அடில நெலம் உப்புது. பொறிய நிறுத்துங்க.”

“என்னவே சொல்லுதீரு?” இது பாப்பையா.

“பதிவேடு அப்படிச் சொல்லலியே, நயினார்?” என்றாள் ரெஜினா.

“பதிவேடு பொய், மேடம். உலகம்மை அனுப்புன அளவ நான் ஏத்தல. கழிச்சதத்தான் எழுதுனேன். அவ கம்பத்தடிலதான் நின்னா. கொட்டக வாசல்ல ஒரு காலடிகூட இல்ல. கணக்கு இல்ல மேடம். கோவம்.”

மறுநொடி நடுக்கூடத்தின் அபாயச் சங்கு அலைவரிசையை நிறைத்தது.

இரண்டு நாளில் இருநூற்று நாற்பது பேரும் மேட்டடிவாரங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். கிட்டங்கியில் இருந்த காற்றுப்பெட்டிகளை எண்ணி ஏற்றிவிட்டுக் கடைசி வண்டியில் வந்தவள் உலகம்மை. மூன்றாம் நாள் நடுக்கூடத்தின் தரை பிளந்தது. அடிக்கடல் வெண்புகையாகச் சீறி எழுந்து, மேலிருந்து உப்பாகப் பொழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பதினோரு ஆண்டு உழைப்பு அந்தப் பிளவுக்குள் போயிற்று. ஊருக்குத் திரும்பும் கப்பல் வரப் பதினான்கு மாதம். அதுவரை எல்லோரும் அடிவாரத்துக் காற்றுக் கூண்டுகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் வாழ வேண்டும்.

விசாரணையில் நயினாரிடமிருந்து பதிவேடு பறிக்கப்பட்டது. உலகம்மை மூன்றாம் மேட்டுக்குத் திரும்பினாள். மூடும் பொறுப்பும் இனி அவளுக்கே. புதிய விதி ஒன்றும் வந்தது: பரலில் எந்தக் கோணத்தையும் கழித்துக் காணக் கூடாது. ஒருவர் ஓய்வெடுத்தால் அடிவாரத்திலிருந்து வேறொருவர் ஏறி அளக்க வேண்டும்.

விசாரணை முடிந்த அன்று ரெஜினா ஒரு குறிப்பேட்டை நயினாரிடம் நீட்டினாள். “உலகம்மையோடது. சான்றுக்காக வாங்குனேன். மொதப் பக்கத்த நீங்க பாக்கணும்னு தோணிச்சு. பாத்துட்டு அவகிட்டயே குடுத்துருங்க.”

முதல் பக்கத்தில், சொதி காய்ச்சிய அந்த நாளின் தேதி. கீழே மூன்று வரி. ‘இன்று கழித்ததில் அவர் கோணம் ஒன்பது கலை குறைவு. நேற்று அவரே அளந்தது சரியாக இருந்தது; அவர் அளந்தால் தவறாது. ஆகவே ஆளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, நிலத்தைப் பார்க்க வேண்டும்.’

‘தப்பா அளக்க மாட்டான்’ என்று அன்று அவள் தாணுவைப் பற்றிச் சொன்ன வாக்கியம் அவனுக்கு நினைவிருந்தது. அதே வாக்கியத்தைக் கணவனைப் பற்றியும் அவள் நினைத்திருப்பாள் என்பது அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

குறிப்பேட்டை அவன் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினான். நேரில் போகக் கால் வரவில்லை.

அதற்கடுத்து வந்த அவளுடைய ஓய்வு நாளில், காலை ஆறு மணிக்கு, மற்ற மூவரின் கோணங்களும் அலைவரிசையில் வந்தன; மூன்றாம் மேட்டில் அளக்க வேண்டிய மாற்றாள் அடிவாரத்திலிருந்து இன்னும் ஏறி வரவில்லை. தன்னுடையதையும் சொன்னான். பழக்கத்தில் கை பென்சிலை எடுத்து நான்கையும் கூட்டி, ஐந்நூற்று நாற்பத்து மூன்றிலிருந்து கழித்தது. விடை வந்தது. அந்த விடையால் இனி ஒரு பயனும் இல்லை; மொத்தமே நாள்தோறும் மாறிக்கொண்டிருந்தது. நான்கு தெரிந்தாலும் ஐந்தாவது தெரியாத நிலத்தில் அவன் இப்போது உட்கார்ந்திருந்தான்.

பொத்தானை அழுத்தினான். எல்லோரும் கேட்கட்டும்.

“மூணாம் மேடு. நயினார் பேசுதேன்.”

“சொல்லுங்க.”

“இன்னைக்கு ஒனக்கு ஓய்வுல்லா. நீ இங்க வர வேண்டாம். நான் அங்க வரலாமா?”

பாப்பையா கேலி செய்யவில்லை. ஐந்தரைக் கிலோமீட்டருக்கு அப்பால் அவளுடைய விளக்கு சிறு புள்ளியாக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து எதையும் கணிக்க முடியவில்லை.

“இப்ப சொல்ல முடியாது” என்றாள் உலகம்மை கடைசியில். “அளந்து பாத்துட்டுச் சொல்லுதேன்.”